இயற்கைத் துறையும் செல்வம் சென்ற வழியும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்த கடற்கரையிலே அமைந்திருப்பது சல்லி என்னும் மீனவர் சிற்றூர். முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற அவ்வூருக்குச் சில கல் தொலைவிலேயே உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று உளது. ஆழம் மிக்கது, குன்றுகள் அரண் செய்வது, பெருங்கலங்கள் அஞ்சாது தங்குதற்குரியது. இத்தகைய துறையை அருகே உடைய ஊர்கள் செல்வத்தாற் சிறந்திருத்தல் வேண்டுமன்றோ? ஆயினும் தீவின் வாணிகம் மேற்குக் கரையிலுள்ள கொழும்பிலேயே குவிந்தது. இதன் காரணம் யாது?

கொழும்புக்கு இயற்கை தந்த துறை சிறிது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலே கப்பல்கள் ஆங்கே அல்லலுற்றன. ஆயின், கோப்பித் தோட்டங்கள் நிறைந்த கண்டி மலைநாடு அதற்கு அணித்தாயிருந்தது. 1867ஆம் ஆண்டு கண்டிக்குப் புகையிரதம் ஓடிற்று. 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அலைதடுப்பு அணை 1885இல் நிறைவெய்தியது. வங்கிகளும் வாணிக நிலையங்களும் பின்தொடர்ந்தன. கோப்பி நோயால் அழிந்தபோது, தேயிலை அதே பாதையிற் கொழும்பை அடைந்தது. திருகோணமலைக்குப் புகையிரதம் வந்ததோ 1927இலேதான். அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனைப் போருக்கு உரிய துறையாகவே போற்றினர். கடற்படைத்தளம் எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகள் அமைக்கப்பெற்றன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இத்தளத்தை நோக்கியே. தளம் கூலி தந்தது. ஆயின் சுற்றுப்புறத்து விளைபொருளுக்குச் சந்தை தேடித் தரவில்லை. 1957இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது, அக்கூலியும் அருகிற்று.

அதே 1957ஆம் ஆண்டிலேதான் சுவீடன் நாட்டுப் பொருளியலறிஞர் குன்னார் மிர்டால், பின்தங்கிய பிரதேசங்களைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். 1974இல் நோபெல் பரிசு பெற்றவர் அவர். ஓரிடம் ஏதோ ஒரு காரணத்தால் முந்திக்கொண்டால், இளைஞரும் மூலதனமும் வாணிகமும் அவ்விடத்தையே நாடுவர். அதனால் அது மேலும் முந்தும், ஏனையவை மேலும் பிந்தும் என்பது அவர் கண்ட உண்மை. வளர்ந்த இடத்தின் தேவை அயலூர்களையும் உயர்த்துவதுண்டு. எனினும் வறிய நாடுகளில் அந்த நன்மை வலிகுன்றியது என்றார். மலைநாட்டுப் புகையிரதம் கொழும்பை முந்தச் செய்த கதைக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் அரிது.

1965இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜெப்ரி வில்லியம்சன் 24 நாடுகளின் கணக்குகளை ஆராய்ந்தார். வளர்ச்சியின் தொடக்கத்தில் பிரதேச ஏற்றத்தாழ்வு பெருகி, நாடு முதிர முதிரக் குறையும் என அவர் கூறினார். இலங்கையின் கணக்கு இருவர் கூற்றுக்கும் ஓரளவு இடம் தருகிறது. 2005ஆம் ஆண்டளவில் நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ அரைவாசி மேல் மாகாணத்தினது. பின்னர் அஃது ஐந்தில் இரண்டு என்னும் அளவுக்கு இறங்கியது. ஆயினும் கிழக்கு மாகாணத்தின் பங்கு நூற்றுக்கு 5, 6 என்னும் அளவிலேயே நின்றது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையும் இக்கரையின் இழப்பைப் பெருக்கின.

காலம் தானே சமன் செய்யும் என்று காத்திருத்தல் சல்லி போன்ற ஊர்களுக்குப் போதாது. பிடித்த மீனைக் கெடாமற் காக்கும் குளிரறை, நியாய விலை தரும் சந்தை, இளைஞர்க்குத் தொழிற்கல்வி ஆகியவை கரையிலேயே அமைதல் வேண்டும். அன்று கொழும்பின் அலைதடுப்பு அணையை எழுப்பியது அரசின் தீர்மானமே. இயற்கை குறைத்து வைத்ததை அத்தீர்மானம் நிறைவு செய்தது. இயற்கை வாரி வழங்கிய கீழ்க்கரைக்கும் அத்தகைய தீர்மானமே தேவை.