துருப் பிடித்த கிளட்சும் நம் ஊர் ஜீப்பும்



பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "ஐயா, அப்பா ஓட்டின ஜீப் ரெண்டு மழைக்காலமா கொட்டகையிலேயே நிக்குது. எஞ்சின் ஓடுது, கியர்தான் விழல. பழைய இரும்புக்காரர் விலை கேட்டுட்டுப் போயிட்டார்" என்றார். குரலே சரியில்லை. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். வரலாற்று வாத்தியார் அல்லவா, ஆரம்பத்திலிருந்துதான் வருவேன்.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன. 1945இல் லூதியானாவில் மகிந்திரா அண்ட் முகமது என்ற நிறுவனம் தொடங்கியது. பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். பிரிவினைக்குப் பின் பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது.

1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டார வளர்ச்சி அலுவலகம் என்றாலே வாசலில் ஒரு ஜீப் என்றானது. பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டம். நம் கரிசல் மண் மழையில் எப்படி ஒட்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குத்தான் அங்கே வேலை.

இனி கிளட்ச். எஞ்சினோடு சுற்றும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட் விலகி, நடுவில் இருப்பது விடுபடும். மாதக்கணக்கில் ஈரத்தில் நின்றால் துரு ஏறி, பிளேட் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பெடல் இறங்கும், பிளேட் விடாது.

முதலில் பெடல் இணைப்பையும் பிரேக்கையும் பார்க்கச் சொன்னேன். பெடலில் வெற்று ஆட்டம் அதிகமிருந்தாலும் இதே கோளாறுதான் வரும். பிறகு வண்டியைத் தள்ளி, முன்னால் ஆளோ சுவரோ இல்லாத வெட்டவெளிக்குக் கொண்டுபோக வேண்டும். நியூட்ரலில் எஞ்சினைச் சூடாக்கி அணைக்க வேண்டும். இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்சை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் வண்டி துள்ளி நகரும். மிதித்த காலை எடுக்காமல் ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்தி விட வேண்டும். இடையில் பிரேக்கையும் தொட வேண்டும். அந்த உலுக்கலில் பிளேட் விடும். நிறுத்த ஸ்டாப் குமிழை இழுத்தால் போதும். ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டியில் இதைச் செய்யவே கூடாது; நழுவினால் உயிர் போகும்.

இதற்கும் விடவில்லையென்றால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் கல்நார் கலந்திருக்கும், நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

ஞாயிறு மாலை மறுபடி போன். நாலாவது உலுக்கலில் 'டக்' என்று விட்டதாம். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து வயலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாராம்.

தம்பி, இனி வாரம் ஒருமுறையாவது ஓட்டு. மழைக்காலத்தில் நிறுத்துவதாக இருந்தால் பெடலை அழுத்தி, சீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கட்டை கொடுத்து வை. இரும்புக்காரரிடம் ஜீப் விலைக்கு இல்லை என்று சொல்லிவிடு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்