புறக்குடிகளின் நிலம்: யோசமிட்டியும் லேவியராகமமும்

1967 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரையில், இன்றைய சூழலியல் நெருக்கடிக்கான பெரும்பழியை வரலாற்றாசிரியர் லின் வைட் மேற்கத்தியக் கிறித்தவத்தின் மீது சுமத்தினார். பூமியைக் கீழ்ப்படுத்தி ஆளும்படி ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் மனிதனுக்குச் சொல்வது, இயற்கையைச் சுரண்டும் மனப்போக்குக்கு வித்தாயிற்று என்பது அவர் வாதம். வைட் தாமே ஒரு பிரெஸ்பிட்டேரியர். அசிசியின் பிரான்சிஸைச் சூழலியலாளரின் காவல் புனிதராக்கலாம் என்று அதே கட்டுரையில் முன்மொழிந்தவரும் அவரே. அவரை மறுக்க விரும்பும் கிறித்தவர்களுக்கு எளிதில் கைக்கு வரும் சான்று இயற்கையியலாளர் ஜான் மியூர். அந்தச் சான்று போதாது என்பதும், வலுவான மறுமொழி மியூரின் மலையுச்சியில் அல்லாமல் லேவியராகமத்தின் நிலச்சட்டத்தில் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மியூர் 1838இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கண்டிப்பு மிக்க தந்தையின் அடிக்குப் பயந்து புதிய ஏற்பாடு முழுவதையும் பழைய ஏற்பாட்டில் முக்கால் பங்கையும் மனப்பாடம் செய்தவர். 1868இல் கலிபோர்னியாவுக்கு வந்த பின் சியரா நெவாடா மலைகளே அவருக்கு வேதமாயின. மறு ஆண்டு கதீட்ரல் சிகரத்தில் ஏறி நின்றபோது, இந்த மாநிலத்தில் தாம் ஆலயத்துக்குள் நுழைந்தது இதுவே முதல்முறை என்று உணர்ந்தார். அந்தப் பக்தி வீண்போகவில்லை. 1890இல் அம்மலைகளில் உள்ள யோசமிட்டி தேசியப் பூங்காவாயிற்று. 1892இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான சியரா கிளப் உருவாயிற்று. 1903 மே மாதம் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் மியூருடன் மூன்று இரவுகள் யோசமிட்டியில் வெட்டவெளியில் தங்கினார். ஓர் இரவு பனி கொட்டியது. விடிந்தபோது அதிபரின் போர்வை மேல் வெண்பனி படர்ந்திருந்தது. நாட்டை ஆளும் ஒருவர் காட்டில் பனிக்குள் படுத்தெழுந்ததால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் 'காடே கோயில்' என்ற வாதம் இரண்டு இடங்களில் இடறியது. சான் பிரான்சிஸ்கோ நகருக்குக் குடிநீர் வேண்டும் என்று, பூங்காவுக்குள்ளேயே இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்ட 1913இல் அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதித்தது. கோயிலை இடிக்கிறார்கள் என்று மியூர் கொதித்தார். 1906இன் நிலநடுக்கத்திலும் தீயிலும் வெந்த நகரத்தின் தாகத்துக்கு முன் அந்தச் சொல் எடுபடவில்லை. ஒருவருக்குக் கோயிலாகத் தெரிவது மற்றவருக்கு நீர்த்தொட்டியாகத் தெரிந்தால், இருவருக்கும் பொதுவான நியாயம் எது? இரண்டாம் இடறல் இன்னும் கொடியது. ஆளற்ற சந்நிதியாக மியூர் கண்ட யோசமிட்டிப் பள்ளத்தாக்கு, அவாநீச்சி என்னும் பூர்வகுடி மக்களின் ஊர். 1851இல் மரிபோசா படையினர் குடிசைகளுக்கும் சேமித்த உணவுக்கும் தீவைத்து அவர்களை விரட்டினார்கள்.

லேவியராகமம் 25ஆம் அதிகாரம் வேறு தளத்தில் பேசுகிறது. அங்கே மலையழகைப் பற்றிப் பேச்சே இல்லை. பேச்சு பெரும்பாலும் நில உரிமையைப் பற்றியது. நிலம் கடவுளுடையது, ஆகவே அதை அறுதியாக விற்க முடியாது. அதில் வாழ்பவர்களைத் தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'பரதேசிகள்', 'புறக்குடிகள்' என்கிறது. சொந்த நிலமில்லாமல் பிறர் நிலத்தில் குடியிருப்பவர் புறக்குடி. இந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை. ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு. அவ்வாண்டு தானாக விளைவதில் வேலைக்காரருக்கும் அந்நியருக்கும் மட்டுமல்ல, காட்டு விலங்குகளுக்கும் பங்குண்டு. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் வைக்கப்படுகிறான். அங்கே வரும் 'அபாத்', 'ஷாமர்' என்ற எபிரேய வினைகளே, எண்ணாகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தில் லேவியர் செய்யும் பணியையும் குறிக்கின்றன. வைட் பிடித்துக்கொண்ட 'ஆளுதல்' இவற்றோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டியது.

அமெரிக்க நிலப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமாக, ஏறத்தாழ 64 கோடி ஏக்கர், கூட்டரசின் கையில் உள்ளது. அந்த நிலத்தில் ஒரு பகுதியைக் காக்கும் 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டத்தில் லேவியராகமத்தின் குரலுக்கு நிகரான ஒன்று கேட்கிறது. அச்சட்டத்தை வரைந்தவர் ஹோவர்ட் ஸானைசர். ஃப்ரீ மெதடிஸ்ட் போதகரின் மகனான இவர், எட்டாண்டுகள் வரைவுகளைத் திருத்தித் திருத்தி எழுதி, சட்டம் கையெழுத்தாவதற்கு நான்கு மாதம் முன் இறந்தார். அச்சட்டம் மனிதனைத் தங்காமல் வந்துபோகும் விருந்தாளி என்று வரையறுக்கிறது. லேவியராகமத்தைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நிலவுணர்விலிருந்து பேசுகின்றன என்கிறேன். ஹெட்ச் ஹெட்சியில் தோற்ற 'கோயில்' செய்ய முடியாததை இந்த 'விருந்தாளி' செய்தான். தொடக்கத்தில் 91 லட்சம் ஏக்கருக்குக் கிடைத்த பாதுகாப்பு இன்று 11 கோடி ஏக்கரைத் தாண்டியிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். எல்லாரும் விருந்தாளிகள் என்றால், ஆயிரமாயிரம் ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவர்களும் விருந்தாளிகளா? யோசமிட்டியில் மிஞ்சியிருந்த பூர்வகுடிக் கிராமத்தைப் பூங்கா நிர்வாகம் 1969இல் இடித்தது. லேவியராகமம் இதற்கு இடம் தரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காணியில் இருந்த குடும்பம் அதை இழந்தால் யூபிலி எனப்படும் ஐம்பதாம் ஆண்டில் அது திரும்பக் கொடுக்கப்பட வேண்டும் என்று அதே 25ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. புறக்குடி என்ற சொல் முதலில் கட்டுப்படுத்துவது நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவனையே.

பூங்காக்களில் முகாம் நடத்தும் திருச்சபைகள் மலையுச்சியில் சங்கீதம் படிக்கின்றன. அதோடு லேவியராகமம் 25ஐயும் படிக்கட்டும். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களின் வழித்தோன்றல்களை அழைத்து, அவர்கள் முன்னிலையில் படிக்கட்டும்.