சாகூரே மன்னனின் அடைபட்ட அறைகள்

எகிப்தியக் கூம்பகம் என்றதும் கீசாவே மாணாக்கர் நினைவிற்கு வரும். அதற்குத் தெற்கே அபுசீரில், ஐந்தாம் அரச மரபின் இரண்டாம் மன்னன் சாகூரே எழுப்பிய கூம்பகம் உண்டு. ஏறத்தாழ 47 மீட்டர் ஓங்கி நின்ற அது இன்று சரிந்த கற்குவியலாகவே காட்சி தருகின்றது.

1836இல் இதனை ஆராய்ந்த ஆங்கிலப் பொறியாளர் ஜான் பெரிங், இடிபாடுகளால் அடைபட்ட வழியொன்றைக் கண்டார். உட்செல்ல இயலவில்லை. எனினும், அது பண்டக அறைகளுக்கு இட்டுச் செல்லக்கூடும் எனக் கருதினார். 1907இல் அங்கு ஆராய்ந்த செருமானிய அறிஞர் லுட்விக் போர்க்கார்ட் அதனை ஐயுற்றார். சாகூரேயின் கோயிற் சுவர்களிலிருந்த கடற்கலங்களின் புடைப்புச் சிற்பங்களை உலகறியச் செய்தவர் அவரே. அத்தகையவர் ஐயுற்றதை மீண்டும் தோண்டிப் பார்க்க எவர் துணிவர்? புலமையும் சில வேளைகளில் பூட்டாகிவிடுகின்றது!

அப்பூட்டுத் திறக்க ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. முகமது இஸ்மாயில் காலித் தலைமையில் எகிப்திய-செருமானியக் குழுவினர் 2019இல் பணி தொடங்கினர். அவர்கள் நாடியது புதையலை அன்று. கூம்பகத்தின் உட்புறம் மேலும் சரியாமல் தாங்கி நிறுத்துவதையே. இடிபாடுகளை அகற்றுகையில் பெரிங் குறித்த வழியின் தடயம் புலப்பட்டது. அதனைத் தொடர்ந்து சென்றபோது எட்டுப் பண்டக அறைகள் வெளிப்பட்டன. இச்செய்தி 2023இல் அறிவிக்கப்பெற்றது.

அறைகளின் கூரையும் தரையும் பெரிதும் சிதைந்திருந்தன. ஆயினும், பழஞ்சுவர்களின் எச்சங்களும் தரையின் சில பகுதிகளும் எஞ்சியிருந்தன. அவற்றின் அமைப்பைக் குழுவினர் லேசர் கருவியால் அளந்து முப்பரிமாண வரைபடமாகப் பதிவு செய்தனர்.