பால்மரத்தின் தாய்வீடு: பிரேசில்



பிரேசில் என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பந்து விளையாட்டுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நம் தாத்தா பாட்டி காலந்தொட்டுச் சோறு போட்ட பால்மரத்துக்கு அந்நாடுதான் தாய்வீடு.

தென் அமெரிக்கக் கண்டத்தில் ஏறக்குறையப் பாதி பிரேசில். பரப்பளவு சுமார் 85 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் மலேசியாவைப் போல் 25 நாடுகளை அதற்குள் அடக்கிவிடலாம்! வடபகுதியில் பூமத்திய ரேகை செல்கிறது. அங்கேதான் அமேசான் ஆறும் பெருங்காடும் உள்ளன. வெயிலும் மழையும் நம் ஊர் மாதிரியேதான். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 20 கோடியே 30 லட்சம். பெரும்பாலோர் கடலோரத்தையும் அதனை ஒட்டிய பகுதிகளிலும் வாழ்கின்றனர். உள்நாடும் வளரட்டும் என்று 1960-இல் தலைநகரைப் பிரசிலியாவுக்கு மாற்றினார்கள்.

1500-இல் போர்த்துகீசியர் வந்து இறங்கினர். நாட்டு மொழி இன்றும் போர்த்துகீசியமே. கரும்பு, காப்பித் தோட்டங்களில் பாடுபட ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கானோரை அடிமைகளாகக் கொண்டு வந்தார்கள். 1822-இல் நாடு சுதந்திரம் பெற்றும், அடிமை முறை 1888-இல்தான் ஒழிந்தது.

அமேசான் காட்டில் பால்மரங்கள் நம் தோட்டம் போல நிரை நிரையாக நிற்பதில்லை, இங்கொன்று, அங்கொன்று. வடகிழக்கில் 1877-இல் தொடங்கிய கடும் வறட்சியால் பஞ்சம் பிழைக்க வந்த ஏழைகள், காட்டுக்குள் மைல் கணக்கில் நடந்து மரம் சீவினார்கள். சாப்பாட்டுச் சாமானுக்கும் கத்திக்கும் முதலாளியிடம் பட்ட கடன் தீரவே தீராது. அவர்கள் வியர்வையில் விளைந்த பணத்தால் மனாவுஸ் நகரில் 1896-இல் மாபெரும் இசை நாடக அரங்கு திறக்கப்பட்டது!

1876-இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். முளைத்த கன்றுகளில் 22, மறு ஆண்டே சிங்கப்பூர் வந்தன. மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையை ரிட்லி என்பவர் கண்டறிந்தார். மலாயாவில் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோரும் கப்பலேறி வந்தார்கள். 1913 வாக்கில் ஆசிய ரப்பர் பிரேசிலை முந்தவே, மனாவுஸ் வாடிப்போனது. ஹென்றி ஃபோர்டு 1928-இல் அங்கே பெருந்தோட்டம் போடத் தொடங்கினார். இலைநோய் விடவில்லை, 1945-இல் அவர் நிறுவனம் அதைக் கைகழுவியது.

ஒரே மரத்தை நம்பிய ஊரின் கதை இது. இன்று பிரேசில் காப்பி, சோயா, இரும்புத்தாது, விமானம் எனப் பல தொழில்களில் நிற்கிறது. நம் தோட்டங்களிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்ததைப் பார்த்தோம் அல்லவா? மரம் மாறும், முதலாளி மாறுவார். பிள்ளை கற்ற கல்வியை மட்டும் எவராலும் வெட்டிச் சாய்க்க முடியாது. ஆகவே பெற்றோர்களே, எந்தக் கஷ்டத்திலும் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்!