தி ஸ்மித்ஸ்: தரவரிசை அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

1980-களின் பிரிட்டிஷ் இண்டி ராக் பற்றி யார் எழுத ஆரம்பித்தாலும் மான்செஸ்டரின் தி ஸ்மித்ஸ் குழுவில்தான் வந்து நிற்பார்கள். நாலு பேர்: பாடகர் மோரிஸ்ஸி, கிட்டாரில் ஜானி மார், பேஸில் ஆண்டி ரூர்க், டிரம்ஸில் மைக் ஜாய்ஸ். 1982 அக்டோபரில் முதல் மேடை. 1987-ல் எல்லாம் முடிந்துவிட்டது. இடையில் 4 ஸ்டூடியோ ஆல்பங்கள், பிரிட்டனில் 17 சிங்கிள்கள். 2013-ல் என்.எம்.இ. பத்திரிகை போட்ட 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் முதலிடம் இவர்களுடைய 'தி குயின் இஸ் டெட்'டுக்குத்தான்.

இவ்வளவு பேர் வாங்கிய குழு சிங்கிள்ஸ் தரவரிசையில் எவ்வளவு உயரம் போனது? குழு உயிரோடு இருந்தவரை 10-வது இடத்தைத் தாண்டவே இல்லை. அதுவும் இரண்டே முறை: 1984-ல் 'ஹெவன் நோஸ் ஐ'ம் மிசரபிள் நவ்', 1987-ல் 'ஷீலா டேக் எ பவ்'. இது எப்படி என்று பார்க்க, முதலில் அந்த அட்டவணைகள் எப்படித் தயாராயின என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இண்டி என்றால் என்ன?

இன்றைக்கு இண்டி என்றால் ஒரு வகை கிட்டார் சத்தம் என்று நினைக்கிறோம். அன்று அது விநியோகக் கணக்கு. 1980 ஜனவரியில் பிரிட்டனில் தனியாக ஓர் இண்டி தரவரிசை வெளிவர ஆரம்பித்தது. செர்ரி ரெட் கம்பெனியின் இயான் மெக்நே கொடுத்த யோசனை அது. அதில் இடம் பெற ஒரே ஒரு தகுதிதான்: இசைத்தட்டு பெரிய கம்பெனிகளின் விநியோக வலையைத் தொடாமல் கடைக்குப் போயிருக்க வேண்டும். பாட்டு எந்த வகை என்பது கேள்வியே இல்லை.

விளைவுகள் வேடிக்கையானவை. ஜீசஸ் அண்ட் மேரி செயின் மாதிரி ஒரு குழுவுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. அவர்களுடைய பிளாங்கோ ஒய் நீக்ரோ லேபிள் வார்னரின் விநியோகத்தில் இருந்தது. ஆனால் 80-களின் கடைசியில் கைலி மினோக் அதில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்; அவருடைய பி.டபிள்யூ.எல். தட்டுகள் சுதந்திர விநியோகத்தில் போயின. அதாவது, இண்டியா இல்லையா என்பதை முடிவு செய்தது தட்டை ஏற்றிப்போன லாரி.

ஸ்மித்ஸின் லாரி ரஃப் ட்ரேட். ஜெஃப் ட்ராவிஸ் 1976-ல் லண்டனில் ஆரம்பித்த தட்டுக் கடை, 1978-ல் லேபிளும் ஆனது. பிரிஸ்டலின் ரிவால்வர், யார்க்கின் ரெட் ரைனோ, லிவர்பூலின் ப்ரோப் போன்ற கடைகளோடு சேர்ந்து 'தி கார்ட்டெல்' என்ற விநியோகக் கூட்டணியும் இருந்தது. சின்ன ஊர்க் கடைக்கும் தட்டு போய்ச் சேரும் வழி இதுதான்.

சிங்கிள்கள்: ஏறுவதும் இறங்குவதும்

முதல் சிங்கிள் 'ஹேண்ட் இன் கிளவ்', 1983 மே மாதம். ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் பதிவானது. தேசியத் தரவரிசையில் 124-வது இடம்தான். அடுத்தது 'திஸ் சார்மிங் மேன்'. நவம்பரில் பி.பி.சி.யின் டாப் ஆஃப் த பாப்ஸில் மோரிஸ்ஸி கையில் பூங்கொத்தோடு தோன்றினார். பாட்டு 25-க்கு வந்தது. 1984 ஆரம்பத்தில் 'வாட் டிஃபரன்ஸ் டஸ் இட் மேக்?' 12. பிறகு 10, 17.

1985-ல் சறுக்கல். 'ஹவ் சூன் இஸ் நவ்?' 24, 'ஷேக்ஸ்பியர்ஸ் சிஸ்டர்' 26, 'தட் ஜோக் இஸ்ன்ட் ஃபன்னி எனிமோர்' 49. இதில் முதலாவதைக் கவனியுங்கள். இன்று அவர்களுடைய மிகப் பிரபலமான பாட்டுகளில் ஒன்று. ஆனால் முதலில் வந்தது 1984-ல், 'வில்லியம்' சிங்கிளின் 12 அங்குலத் தட்டில், பின்பக்கத்தில். அதே நவம்பரில் 'ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ' தொகுப்பிலும் சேர்ந்தது. தனி சிங்கிளாக வரும்போது ரசிகர்களில் பலரிடம் அது ஏற்கெனவே வீட்டில் இருந்தது. அப்புறம் 24-க்கு மேல் எப்படிப் போகும்?

'ஹெவன் நோஸ்', 'வில்லியம்', 'ஷேக்ஸ்பியர்ஸ் சிஸ்டர்', 'பேனிக்', 'ஆஸ்க்', 'ஷாப்லிஃப்டர்ஸ்', 'ஷீலா' — இந்த ஏழும் எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் இல்லை. ஆல்பத்தை விற்க சிங்கிள் போடுவது பெரிய கம்பெனிகளின் வழக்கம். இவர்களுக்கு சிங்கிள் தனிப் படைப்பு. அதனால்தான் இத்தனை தொகுப்புகளும் தேவைப்பட்டன.

ஆல்பங்கள்: உச்சமா, ஓட்டமா?

பிரிட்டிஷ் ஆல்பம் தரவரிசையில் உச்ச இடமும், வெளிவந்த சுற்றில் தங்கிய வாரங்களும் இவை:

தி ஸ்மித்ஸ் (1984): 2-வது இடம், 33 வாரம்
ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ (1984, தொகுப்பு): 7-வது இடம், 46 வாரம்
மீட் இஸ் மர்டர் (1985): 1-வது இடம், 13 வாரம்
தி குயின் இஸ் டெட் (1986): 2-வது இடம், 22 வாரம்
ஸ்ட்ரேஞ்ச்வேஸ், ஹியர் வி கம் (1987): 2-வது இடம், 17 வாரம்

'மீட் இஸ் மர்டர்' 1985 பிப்ரவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.'வை இறக்கி முதலிடம் பிடித்தது. அடுத்த வாரமே ஃபில் காலின்ஸ் வந்து உட்கார்ந்துவிட்டார். சுதந்திர லேபிளுக்கு இது பெரிய வெற்றிதான். ஆனால் வாரக் கணக்கைப் பாருங்கள்: முதலிடம் பிடித்ததுதான் இந்த ஐந்தில் குறைந்த நாள் ஓடியது! ஏழாவது இடத்தோடு நின்ற தொகுப்பு கிட்டத்தட்ட ஒரு வருஷம் நின்றது. அதன் உறையிலேயே 3.99 பவுண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று அச்சிட்டிருந்தார்கள். பி.பி.சி. ரேடியோவுக்காகப் பதிவான வடிவங்களும் சிங்கிள்களும் ஒரே இடத்தில், மலிவு விலையில்.

உச்ச இடம் என்பது முதல் வாரக் கலெக்‌ஷன் மாதிரி. காத்திருந்த ரசிகர்கள் திங்கட்கிழமையே கடைக்கு ஓடினால் மேலே போகும். எத்தனை வாரம் என்பது நூறு நாள் ஓட்டம் மாதிரி. புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தால்தான் நடக்கும். ஸ்மித்ஸின் சிங்கிள்கள் பெரும்பாலும் முதல் வகை. பாப் ரசிகர் கூட்டம் என்ற இரண்டாவது அலை அவர்களுக்கு அதிகம் வரவில்லை.

பிறகு நடந்தது

'தி குயின் இஸ் டெட்' 1985 கடைசியிலேயே தயார். ரஃப் ட்ரேடுடன் சட்டச் சண்டை வந்து, வெளியானது 1986 ஜூனில். அதற்குள் குழு ஈ.எம்.ஐ. பக்கம் போக முடிவெடுத்திருந்தது. ஆனால் ஈ.எம்.ஐ.க்காக ஒரு ஆல்பம்கூட பதிவு செய்யாமலே 1987-ல் மார் விலகினார். அப்போது அவருக்கு வயது 23. கடைசி ஆல்பம் வெளிவந்தபோது குழுவே இல்லை.

ரஃப் ட்ரேட் விநியோகம் 1991-ல் திவாலானது. ஸ்மித்ஸின் பதிவுகள் வார்னர் குழுமத்தின் டபிள்யூ.ஈ.ஏ.வுக்குப் போயின. 1992-ல் அவர்கள் போட்ட 'பெஸ்ட் 1' தொகுப்பு நேராக முதலிடம். மறுபடி வெளியிட்ட 'திஸ் சார்மிங் மேன்' 8-வது இடம். ஸ்மித்ஸ் சிங்கிள்களிலேயே மிக உயர்ந்த இடம் இதுதான். பாட்டு அதே பாட்டு. ஒன்பது வருஷம் கழித்து, வேறு லாரியில் வந்தது.

இன்னொரு கணக்கு நீதிமன்றத்தில் தீர்ந்தது. ரஃப் ட்ரேட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது மோரிஸ்ஸியும் மாரும் மட்டும். பதிவு, மேடை வருமானத்தில் அவர்களுக்குத் தலா 40 சதவீதம், ரூர்க்குக்கும் ஜாய்ஸுக்கும் தலா 10. பாட்டு எழுதியதற்கான ராயல்டி இதில் வராது, அது தனி. ரூர்க் 1989-ல் ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். ஜாய்ஸ் வழக்கை விடவில்லை. 1996 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் 1890-ம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தை எடுத்துவைத்து, வேறு மாதிரி ஒப்புக்கொண்டதற்கு ஆதாரம் இல்லாததால் நால்வரும் சம பங்காளிகள் என்றது. ஜாய்ஸுக்கு 25 சதவீதம். 1998-ல் மோரிஸ்ஸியின் மேல்முறையீடும் தோற்றது.

தரவரிசை அட்டவணையில் கலைஞர் என்ற கட்டத்தில் எல்லா வரிசையிலும் ஒரே பெயர்தான் இருக்கிறது: தி ஸ்மித்ஸ். டேட்டாபேஸ் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு கட்டத்தில் ஒரு பெயரைப் போட்டுவிட்டால் அதற்குள் எத்தனை பேர் என்ற கேள்வி மறைந்துபோகும். இங்கே அதற்குப் பதில் வர, கடைசி ஆல்பம் வெளிவந்து ஒன்பது வருஷமும் ஒரு நீதிபதியும் தேவைப்பட்டது.