கம்பத்தில் ஏறியவர்களின் பாடம்: அமெரிக்க லைன்மேன் பயிற்சி வளர்ந்த கதை

மின்கம்பத்தில் ஏறி வேலை செய்ய ஒருவரைப் பழக்குவதற்கு ஆகும் செலவை யார் தருவது? அமெரிக்காவில் இந்தக் கேள்வி 130 வருடங்களுக்கு மேல் பழமையானது. முதலில் அந்தச் செலவைத் தொழிலாளிகள் தங்கள் உயிரால் கொடுத்தார்கள்.

1889 அக்டோபர் 11. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் ஜான் ஃபீக்ஸ் என்ற லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருந்தார். அவர் தொட்டது தந்திக் கம்பி. அதில் ஆபத்தான மின்சாரம் இருக்காது என்பதுதான் வழக்கம். ஆனால் வேறோர் இடத்தில் அந்தக் கம்பி உயர் அழுத்தக் கம்பியோடு உரசிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில், தெருவே நிமிர்ந்து பார்க்க, கம்பிச் சிக்கலுக்குள் தொங்கியபடி அவர் இறந்தார். அவர் மனைவிக்காக மக்கள் உண்டியல் வைத்துப் பணம் திரட்டினார்கள். அந்த வருடக் கடைசியில் ஆபத்தான கம்பிகளை நகர நிர்வாகம் வெட்டத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. மூத்தவர் செய்வதைப் பார்த்து இளையவர் கற்றுக்கொள்வார், அவ்வளவுதான். சில ஊர்களில் இந்த வேலைக்கு வந்தவர்களில் இரண்டு பேருக்கு ஒருவர் வேலையிலேயே இறந்தார் என்று தொழிற்சங்க வரலாறு சொல்கிறது.

1891-ல் செயிண்ட் லூயிஸ் நகரில் பத்துப் பிரதிநிதிகள் கூடி மின் தொழிலாளர்களுக்காக ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் ஹென்றி மில்லர், அவரும் ஒரு லைன்மேன். ஊர் ஊராகப் போய், கிடைத்த இடத்தில் வேலை செய்துகொண்டே சங்கத்தை வளர்த்தார். 1896-ல் வாஷிங்டனில் மின்சாரம் தாக்கிக் கம்பத்திலிருந்து விழுந்து இறந்தார். எந்த ஆபத்தைக் குறைக்கப் பாடுபட்டாரோ, அதுவே அவரைக் கொண்டுபோனது.

சம்பளத்தோடு படிப்பு

1937-ல் தேசியத் தொழில்பழகுநர் சட்டம் வந்தது. தொழில் பழகுகிறவர்களுக்கான பயிற்சித் தரங்களை அரசு கவனிக்கத் தொடங்கியது. 1941-ல் தொழிற்சங்கமும் மின் ஒப்பந்தக்காரர்கள் சங்கமும் கூட்டாகப் பயிற்சிக் குழு அமைத்தன. 1944-ல் வந்த போர்வீரர் நலச் சட்டம், போரிலிருந்து திரும்பியவர்கள் உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் பழக வழி செய்தது.

இந்த முறையின் சிறப்பு என்னவென்றால், பழகுகிறவர் முதல் நாளிலிருந்தே சம்பளம் வாங்குகிறார். திறமை ஏற ஏறச் சம்பளமும் படிப்படியாக ஏறுகிறது. சங்கமும் ஒப்பந்தக்காரர்களும் கூட்டாக நடத்தும் லைன்மேன் பயிற்சி சுமார் 7000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய மூன்றரை வருடம். கூடவே வகுப்பும் உண்டு. புத்தகம், கருவி போன்றவற்றுக்குக் கொஞ்சம் செலவாகலாம்.

பள்ளிகள் வந்த பிறகு

பின்னாளில் தனியார் லைன்மேன் பள்ளிகளும் பெருகின. சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் கம்பம் ஏறுதல், கயிறு கட்டுதல், மேலே மயங்கியவரைக் கீழே இறக்குதல், கனரக வாகனம் ஓட்டுதல் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். கட்டணம் பத்தாயிரம் டாலரைத் தாண்டும் பள்ளிகளும் இருக்கின்றன. சமுதாயக் கல்லூரிகளில் இதே மாதிரிப் படிப்பு பெரும்பாலும் குறைந்த கட்டணத்தில் கிடைக்கிறது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பள்ளிச் சான்றிதழ் வாங்கியவர் முழு லைன்மேன் ஆகிவிடுவதில்லை. அதற்குப் பிறகும் அவர் வேலையில் சேர்ந்து வருடக்கணக்கில் பழகத்தான் வேண்டும். பள்ளி அந்த வாசல்வரை கொண்டுவிடும். போட்டி அதிகமான இடங்களில் அது உதவியாகவும் இருக்கும். ஆனால் கடன் வாங்கிச் சேருமுன், சம்பளத்தோடு கூடிய பயிற்சிக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

குறைந்த செலவில் பயிற்சி என்பது தரம் குறைந்த பயிற்சி அல்ல என்பதற்கு இந்த வரலாறே சாட்சி. தொழிலாளியின் பையிலிருந்து அதிகம் எடுக்காத அந்த முறைதான் அவருக்கு நீண்ட காலம் சொல்லிக்கொடுக்கிறது. ஃபீக்ஸுக்கும் மில்லருக்கும் பிந்திய தலைமுறைகள் போராடிப் பெற்றது அது.