மூளைத் தமனிகள்

இதயத்திலிருந்து மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்கள். கழுத்தின் முன்புறம் இரண்டு அகக் கழுத்துத் தமனிகளும், கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே இரண்டு முள்ளெலும்புத் தமனிகளும் ஏறுகின்றன. பின்னவை கூடி அடித்தமனி ஆகும். மூளையின் அடியில் இவையெல்லாம் சிறு கிளைகளால் பிணைந்து ஒரு வளையமாகின்றன. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, இதயம் தள்ளும் குருதியில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைப் பெறுகிறது.

சித்தர் மரபு உடலில் 72,000 நாடிகளை எண்ணியது. தில்லைப் பொன்னம்பலக் கூரையின் 21,600 பொன்னோடுகள் ஒரு நாளின் மூச்சுகளையும், அவற்றை இறுக்கிய 72,000 ஆணிகள் நாடிகளையும் குறிக்கும் என்பது சிதம்பரத்தில் வழங்கும் மரபு. அந்நாடிகள் குருதிக்குழாய்களா, நரம்புகளா, மூச்சின் தடங்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அம்மரபில் பக்கவாதம் வளியின் (வாதத்தின்) கேட்டால் வருவதாகக் கொள்ளப்பட்டது.

ஐரோப்பாவில் 2ஆம் நூற்றாண்டின் மருத்துவர் காலென், கால்நடைகளின் மூளையடியில் கண்ட தமனிப் பின்னலை மனிதருக்கும் உரியதாக எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் உடற்கூற்றாளர்கள் பெரெங்காரியோவும் வெசாலியசும் அதை மறுக்கும்வரை அக்கருத்தே நிலைத்தது.

மூளையடித் தமனி வளையத்தின் பெயர் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் தாமஸ் வில்லிசுக்கு உரியது. 1664இல் வெளிவந்த அவரது மூளை உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டன் புனித பவுல் பேராலயத்தை வடிவமைத்த கிறிஸ்தோபர் ரென். எனினும் உடற்கூற்றாளர் காசேரியசின் 1627ஆம் ஆண்டுப் படங்களிலும், மருத்துவர் வெப்ஃபரின் 1658ஆம் ஆண்டு நூலிலும் வளையம் இடம்பெற்றிருப்பதால் முதன்மை யாருக்கு என்ற வழக்கு நீள்கிறது. வில்லிசின் தனிச்சிறப்பு, வளையத்தின் பயனை விளக்கியதே. அவர் ஒரு கழுத்துத் தமனியில் மையைச் செலுத்தியபோது அது மறுபக்கத் தமனிக்கும் பரவியது. வேறு நோயால் இறந்த ஒருவரின் வலக் கழுத்துத் தமனி முற்றிலும் அடைபட்டிருந்தது. ஆனால் அதே பக்கத்து முள்ளெலும்புத் தமனி மும்மடங்கு பருத்திருந்தது. அவருக்குப் பக்கவாதம் வந்ததில்லை. வீராணம் ஏரிப் பாசனத்தில் ஒரு வாய்க்கால் தூர்ந்தாலும் வேறு மதகுவழி நீர் வருவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூளைக்குள் ஆழ இறங்கும் நுண்தமனிகளோ கடைமடை போன்றவை. அவை அடைபட்டால் மாற்றுவழி அரிது. வளையம் முழுமையாக அமைந்தோரின் விகிதமும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

தமிழில் இவ்வறிவைப் பாடமாக்கியவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன். அவரது ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. ஈழத்துப் பாடநூல்களில் இன்றும் ‘நாடி’, ‘நாளம்’ என்றே வழங்க, தமிழ்நாட்டில் ‘தமனி’, ‘சிரை’ நிலைபெற்றன. இங்கு நாடி என்றால் கைபிடித்துப் பார்க்கும் துடிப்பு.

1927இல் லிஸ்பனில் மருத்துவர் எகாஸ் மோனிஸ் உயிருள்ளவரின் மூளைத் தமனிகளை எக்ஸ்-கதிர்ப் படமாக்கினார். வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950இல் பி. ராமமூர்த்தியும் நரம்பறுவை மருத்துவத்தைத் தொடங்கினர்.  இன்று பக்கவாதத்தில், மூளைத் தமனியின் அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக, கைகால் விழுந்த நான்கரை மணி நேரத்துக்குள், ஸ்கேனில் குருதிக்கசிவு இல்லையென உறுதிசெய்தபின் போடுகிறார்கள்.